வீதி மூடல் அறிவித்தலை வாசிக்கும் முறை: வெக்ஸ்போர்ட் வாசிகளுக்கான ஒரு பாடம்

ஜூலை மாத வார இறுதியொன்றில் லோரன்ஸ் அவெனியூ கிழக்கின் ஒரு பகுதி, வோர்டன் அவெனியூவுக்கும் பேர்ச்மவுண்ட் வீதிக்கும் இடையே வாகனங்களுக்கு மூடப்பட்டு, ‘ரேஸ்ட் ஒவ் லோரன்ஸ்’ என்னும் தெருவிழாவுக்கு விடப்படுவது வழக்கம். வெக்ஸ்போர்ட் ஹைற்ஸ் வணிக மேம்பாட்டு அமைப்பு நடத்திவரும் இவ்விழாவில் உணவுச் சாலைகளும் இசை மேடைகளும் சிறுவர் விளையாட்டுகளும் வீதியின் நடுவே இடம்பெறுகின்றன. ஆண்டு முழுவதும் வாகனங்கள் விரையும் அகன்ற வீதியில் குழந்தைகளின் கைபற்றி நடப்பது மகிழ்ச்சிக்குரியதே.

ஆயினும் இதே லோரன்ஸ் அவெனியூதான் வெக்ஸ்போர்ட்டிலிருந்து, மக்கொவன் வீதிச் சந்திக்கு அருகே அமைந்துள்ள ஸ்காபரோ ஜெனரல் வைத்தியசாலைக்குச் செல்லும் நேர்வழியும் ஆகும். விழாவுக்கு வருபவருக்கும் சிகிச்சைக்குச் செல்பவருக்கும் ஒரே நாளில் ஒரே வீதி தேவைப்படுகிறது. இவ்விருவரின் தேவையும் நிறைவேறுவதற்காகவே வீதி மூடல் பற்றிய அறிவித்தல் முன்கூட்டி வெளியிடப்படுகிறது. அவ்வறிவித்தலைச் சரியாக வாசித்தறியாத குடும்பமே அந்நாளில் இடர்ப்படுகிறது. எனவே வீதியை மூடும் அதிகாரம் யாருக்கு உண்டு, அறிவித்தலில் எவற்றைக் கவனிக்க வேண்டும், முன்னேற்பாடுகள் யாவை என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

1. பழகிய வழக்கமும் புதிய முறையும்

விழாவுக்காக வீதியை மூடுவது தமிழருக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் மகோற்சவம் 25 நாள்கள் நடைபெறும். அக்காலத்தில் கோவிலைச் சூழ்ந்த வீதிகளில் தடைகள் இடப்பட்டு, வாகனங்கள் வேறு வழியாகத் திருப்பப்படும். எந்த ஒழுங்கையால் சென்றால் எங்கே வெளியேறலாம் என்பதை அவ்வூரார் பிறர் சொல்லாமலே அறிந்திருப்பர். தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கமே அங்கு அறிவித்தலாக அமைகிறது.

ரொறன்ரோவில் அத்தகைய பொதுப்பழக்கம் இல்லை. ஒரே மாடிக்கட்டடத்தில் பல மொழிகளைப் பேசுவோர் வாழ்கின்றனர்; சென்ற மாதம் குடிவந்தவரும் முப்பது ஆண்டுகளாக வாழ்பவரும் அடுத்தடுத்த கதவுகளில் இருக்கின்றனர். ஆகவே செய்தி எழுத்து வடிவிலேயே வர வேண்டியிருக்கிறது. அதனை வாசித்து, வீட்டிலுள்ள முதியோருக்கு விளக்கிச் சொல்வது குடும்பத்தில் ஒருவரின் பொறுப்பாகிறது.

2. வீதியை மூடும் அதிகாரம்

சட்ட ஆவணங்களிலும் அறிவித்தல்களிலும் ‘ஹைவே’ என்னும் சொல் அடிக்கடி வரும. அதனைக் கண்ட பலர், 401 போன்ற நெடுஞ்சாலை மூடப்படுவதாக எண்ணி அறிவித்தலை ஒதுக்கிவிடுவதுண்டு. ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இச்சொல், பொதுமக்கள் வாகனம் செலுத்தும் எந்தத் தெருவையும் குறிக்கும். வீட்டு வாசலில் உள்ள சிறு வீதியும் சட்டத்தின் கண்ணில் ‘ஹைவே’யே. வீதியின் இருமருங்கிலும் உள்ள காணி எல்லைகளுக்கு இடைப்பட்ட நிலம் முழுவதும் இதில் அடங்கும். நடைபாதையும் புல்வரம்பும் இதற்குப் புறம்பல்ல.

வீதி பெரும்பாலும் மூன்று வகைகளில் மூடப்படுகிறது.

முதலாவது, அனுமதி பெற்ற மூடல். மாநகர வீதிகள் மீதான அதிகாரத்தை 2006 ஆம் ஆண்டின் ரொறன்ரோ மாநகரச் சட்டம் மாநகரசபைக்கு வழங்குகிறது. வீதிகளைத் தற்காலிகமாக மூடுவது பற்றிய விதிகள் மாநகரச் சட்டக்கோவையின் 937 ஆம் அத்தியாயத்தில் உள்ளன. தெருவிழா நடத்துவோர் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். இவ்வகை மூடலுக்கே முன்னறிவித்தல் கிடைக்கிறது. லோரன்ஸ் தெருவிழாவும், கனடியத் தமிழர் பேரவை 2015 இல் மார்க்கம் வீதியில் தொடங்கிய தமிழர் தெருவிழாவும் இவ்வகையின.

இரண்டாவது, பொலிஸாரின் கட்டளையால் ஏற்படும் மூடல். விபத்து, தீ, கூட்ட நெரிசல் போன்ற வேளைகளில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தவும் வீதியை மூடவும் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 134 ஆம் பிரிவு பொலிஸ் உத்தியோகத்தருக்கு அதிகாரம் அளிக்கிறது. இதற்கு முன்னறிவித்தல் இராது.

மூன்றாவது, மக்கள் ஒன்றுகூடுவதால் ஏற்படும் மூடல். 2009 மே 10 அன்று, இலங்கையில் போர் இறுதிக் கட்டத்தை எட்டியிருந்த வேளையில், ஆயிரக்கணக்கான தமிழர் கார்டினர் அதிவேக வீதியில் திரண்டமை பலரின் நினைவில் இருக்கும். அவ்வீதி பல மணி நேரம் மூடப்பட்டு, நள்ளிரவளவிலேயே மக்கள் கலைந்தனர். அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தைக் கனடிய உரிமைகள் சுதந்திரங்கள் சாசனத்தின் 2 ஆம் பிரிவு பாதுகாக்கிறது. அச்சுதந்திரம் நியாயமான வரம்புகளுக்கு உட்பட்டது என்பதை 1 ஆம் பிரிவு கூறுகிறது. வீதியை மறித்து நின்றவரும், அதே இரவில் வீடு திரும்ப வழியின்றித் தவித்தவரும் ஒரே சமூகத்தினராக இருந்தமை அந்நாளின் அனுபவம்.

3. அறிவித்தலில் கவனிக்க வேண்டிய ஆறு விடயங்கள்

அனுமதி பெற்ற மூடலுக்கான அறிவித்தல் எந்த வடிவில் வந்தாலும் அதில் ஆறு விடயங்களைத் தேட வேண்டும்.

முதலாவது, எல்லை. “வோர்டன் முதல் பேர்ச்மவுண்ட் வரை” என்று எழுதப்பட்டிருப்பின், அவ்விரு சந்திகளும் மூடலுக்குள் அடங்குமா என்பதை அறிய வேண்டும். சந்தி திறந்திருந்தால் வடக்கு தெற்காகச் செல்வோர் வழக்கம்போலச் செல்லலாம். மூடப்பட்டிருந்தால் அவர்களும் வழிமாற நேரிடும்.

இரண்டாவது, நேரம். விழா தொடங்கும் நேரமும் வீதி மூடப்படும் நேரமும் ஒன்றல்ல. மேடை அமைக்கவும் கூடாரம் அடிக்கவும் முன்னதாகவே வீதி மூடப்படும்; அவற்றை அகற்றிக் குப்பை வாரிய பின்னரே திறக்கப்படும். அறிவித்தலில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் விழா நேரமே. மூடல் நேரம் சிறிய எழுத்தில் இருக்கலாம்.

மூன்றாவது, மூடலின் தன்மை. ‘ரோட் குளோஸ்ட்’ எனில் முற்றாக மூடப்பட்டது. ‘லேன் குளோஸ்ட்’ எனில் ஒரு தடம் மட்டும் மூடப்பட்டது. போக்குவரத்து மெதுவாக நடைபெறும். ‘லோக்கல் அக்செஸ் ஒன்லி’ எனில் அப்பகுதியில் வாழ்வோரும் அங்குள்ள கடைகளுக்கோ வீடுகளுக்கோ செல்வோரும் மட்டும் நுழையலாம். ‘ரோலிங் குளோஷர்’ எனில் ஊர்வலமோ ஓட்டப் போட்டியோ நகர நகர, வீதியின் ஒவ்வொரு பகுதியாக மூடித் திறக்கப்படும்.

நான்காவது, வாகனத் தரிப்புத் தடை. வீதியோரத்தில் தற்காலிகமாக நடப்படும் பலகைகளில் உள்ள நாளும் நேரமும் வழக்கமான தரிப்பு விதிகளுக்கு மேலானவை.

ஐந்தாவது, பேருந்து. லோரன்ஸ் அவெனியூவில் ஓடும் 54 ஆம் இலக்கப் பேருந்து எவ்வழியாகத் திருப்பப்படுகிறது, எந்த நிறுத்தங்களில் நில்லாது என்பவற்றைப் பார்க்க வேண்டும்.

ஆறாவது, தொடர்பு இலக்கம். ஏற்பாட்டாளரின் தொலைபேசி இலக்கம் தரப்பட்டிருப்பின் அதனைத் தனியே குறித்து வைத்தல் நன்று. அந்நாளில் அறிவித்தற்தாளைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.

4. நள்ளிரவு பற்றிய குழப்பம்

அறிவித்தல்களில் மிகுதியாகத் தவறு நேரும் இடம் நள்ளிரவு. “சனிக்கிழமை முற்பகல் 12:01” என்று இருப்பின், அது வெள்ளிக்கிழமை இரவு முடிந்து சனிக்கிழமை பிறக்கும் நிமிடத்தைக் குறிக்கும். பேச்சுவழக்கில் அந்நேரத்தை நாம் “வெள்ளி இரவு பன்னிரண்டு மணி” என்போம். சூரியன் உதித்த பின்னரே நாள் பிறப்பதாகக் கொள்ளும் பழக்கமும் நம்மிடையே உண்டு. இதனால் அறிவித்தலை வாசித்தவர்கூட, தடை சனிக்கிழமை இரவில் தொடங்குவதாக எண்ணிவிடக்கூடும்.

வெள்ளிக்கிழமை மாலை வேலைமுறை முடிந்து களைத்து வந்தவர் வாகனத்தை வழக்கமான இடத்தில் நிறுத்தி உறங்கச் செல்கிறார். காலையில் வாகனம் அங்கு இல்லை. அவர் அறிவித்தலை வாசிக்காதவர் அல்லர். வாசித்துத் தவறாகப் பொருள்கொண்டவர். ஆகவே 12 என்ற இலக்கத்தைக் கண்டவுடன், அதற்கு முந்திய மாலையை நாட்காட்டியில் வட்டமிட்டு, “இன்றிரவு வாகனத்தை எடுக்கவும்” என எழுதி வைப்பது பாதுகாப்பான வழி.

5. ஓர் எடுத்துக்காட்டு

பின்வரும் குடும்பம் விளக்கத்துக்காகக் கற்பனை செய்யப்பட்டது. லோரன்ஸ் அவெனியூவில், மூடப்படும் பகுதிக்குள் அமைந்த மாடிக்கட்டடம் ஒன்றில் முதிய தாயாரும் மகனும் வாழ்கின்றனர். சிறுநீரகம் செயலிழந்த தாயார், டயாலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் மூன்று நாள்கள், செவ்வாய், வியாழன், சனி ஆகிய காலைகளில், வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் செல்லும். இச்சிகிச்சையைத் தவறவிட்டால் உடலில் நீரும் கழிவும் சேர்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். விழா சனிக்கிழமை நடைபெறுகிறது.

முதலில் தூரத்தைக் கணக்கிட வேண்டும். வோர்டனிலிருந்து மக்கொவன் வரை லோரன்ஸ் வழியே ஏறத்தாழ 4 கிலோமீற்றர். லோரன்ஸுக்கு இணையாக நீளும் பெருவீதிகளான வடக்கிலுள்ள எல்ஸ்மியரும் தெற்கிலுள்ள எக்ளின்ரனும் தலா 2 கிலோமீற்றர் தொலைவில் உள்ளன. பழைய நிலஅளவையின்போது பெருவீதிகள் ஒன்றேகால் மைல் இடைவெளியில் வகுக்கப்பட்டமையே இதற்குக் காரணம். எனவே வோர்டனிலிருந்து எல்ஸ்மியருக்கு ஏறி, மக்கொவன் வழியே மீண்டும் லோரன்ஸுக்கு இறங்கினால் பயணம் 8 கிலோமீற்றர் ஆகிவிடும். ஏனைய வாகனங்களும் அவ்வழியே திரும்புவதால் நேரம் இருமடங்குக்கும் மேலாகலாம். இடையிலுள்ள குடியிருப்பு வீதிகள் பல வளைந்து சென்று புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே முடிவடைவன. அறியாதவர் அவற்றுக்குள் நுழைந்தால் தாமதமே மிஞ்சும்.

அடுத்து, வாகனம் வெளியேறும் வழி. கட்டடத்தின் வாகன வாயில் லோரன்ஸை நோக்கி மட்டும் திறப்பதாயின், மூடல் தொடங்கிய பின் வாகனம் உள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும். முந்திய மாலையே அதனை வெளியே கொண்டுசெல்ல வேண்டும். பக்கத்து வீதியில் இரவு முழுவதும் விட்டுவைப்பதும் பொருத்தமன்று. வேறு பலகை இல்லாத வீதிகளில்கூட மூன்று மணி நேரத்துக்கு மேல் தரித்து நிற்க ரொறன்ரோவில் அனுமதி இல்லை. உறவினரது வீட்டு வாகனப் பாதையில் ஓரிடம் கேட்டுவைப்பதே சிறந்தது.

மூன்றாவது, ஏறும் இடம். தாயார் வீல்-ட்ரான்ஸ் சேவையைப் பயன்படுத்துபவராயின், வழக்கமான வாசலுக்கு வண்டி வர இயலாது. பல நாள்கள் முன்பாகவே அழைத்து, மூடலைத் தெரிவித்து, கட்டடத்தின் பின்புறமோ அருகிலுள்ள பக்க வீதியோ ஏறுமிடமாகப் பதிவுசெய்ய வேண்டும். வைத்தியசாலைச் சிகிச்சைப் பிரிவையும் அழைத்து, அன்றைய நேரத்தை முன்னதாக்க இயலுமா எனக் கேட்கலாம்.

நான்காவது, திரும்பும் பயணம். பலரும் போகும் வழியை மட்டும் திட்டமிடுகின்றனர். காலை எட்டு மணிக்கு வீதியில் கூட்டம் குறைவு. சிகிச்சை முடிந்து தாயார் சோர்வுடன் திரும்பும் நண்பகலிலேயே கூட்டம் மிகும். அவர் நீண்ட தூரம் நடக்க இயலாதவர். ஆகவே இறங்குமிடத்தில் சக்கர நாற்காலியுடன் ஒருவர் காத்திருக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தடுப்பில் நிற்கும் ஏற்பாட்டாளரிடமோ பொலிஸாரிடமோ நிலைமையை எடுத்துரைத்து, வாகனத்தை வாசல்வரை விட இயலுமா எனக் கேட்பதில் தவறில்லை. வீதியோரக் காணியில் வாழ்பவருக்குத் தம் வாசலை அடையும் உரிமையைப் பொதுச் சட்டம் ஏற்கிறது. ஆயினும் தற்காலிகமான, நியாயமான இடையூறு அவ்வுரிமையை மீறுவதாகாது. வைத்தியரின் கடிதம் நிலைமையை விளக்க உதவும். தடுப்பைக் கடக்கும் அனுமதிப்பத்திரம் ஆகாது. பொலிஸார் மறுத்தால் அக்கட்டளைக்குக் கட்டுப்பட வேண்டும்.

6. பேருந்தில் செல்வோர்

ஸ்காபரோவின் 3 ஆம் இலக்கத் தொடருந்துப் பாதை, 2023 ஜூலை 24 அன்று தொடருந்து தடம் புரண்டதன் பின்னர் மீண்டும் திறக்கப்படவில்லை. அப்பாதையின் லோரன்ஸ் கிழக்கு நிலையத்தைப் பயன்படுத்தியவர்கள் இப்போது பேருந்துகளையே நம்பியிருக்கின்றனர். தொடருந்து வீதி மூடலால் நிற்பதில்லை. பேருந்தோ வீதியோடு கட்டுண்டது. ஆகவே மூடல் நாளில் கிழக்கு மேற்காகச் செல்லும் பேருந்துக்காகக் காத்திராமல், வோர்டன் வழியே ஓடும் 68 ஆம் இலக்கப் பேருந்திலோ பேர்ச்மவுண்ட் வழியே ஓடும் 17 ஆம் இலக்கப் பேருந்திலோ தெற்கே சென்று, வோர்டன் சுரங்கத் தொடருந்து நிலையத்தில் 2 ஆம் இலக்கப் பாதையை அடையலாம். விழா முடிந்த இரவில் வேலையிலிருந்து திரும்புவோர், வீதி திறக்கப்பட்டதா என்பதை ரீ.ரீ.சி. தகவல் இலக்கமான 416-393-4636 இல் முன்னரே கேட்டறிதல் நன்று.

7. உயிர் ஆபத்து நேரும்போது

மாரடைப்பு, மூச்சுத்திணறல், பக்கவாதம் போன்ற நிலையில், நோயாளியைச் சொந்த வாகனத்தில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தின் ஊடாகச் செல்ல முயலக்கூடாது. உடனே 911 ஐ அழைக்க வேண்டும். வீதி பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தாலும், அவசர வாகனங்கள் செல்வதற்கான வழி விழா ஏற்பாட்டின் ஒரு பகுதியாகும். தீயணைப்பு வாகனம் செல்லும் வழி குறைந்தது 6 மீற்றர் அகலமாக இருக்க வேண்டும் என ஒன்ராறியோ கட்டட விதிக்கோவை வகுத்திருப்பதைக் கொண்டு, அத்தகைய வாகனங்களுக்குத் தேவையான இடத்தின் அளவை உணரலாம். அவ்விடத்தில் மடக்கு நாற்காலியோ குழந்தை வண்டியோ வைப்பது சிறு செயலாகத் தோன்றினும், அவசர வண்டியைத் தடுத்து நிறுத்திவிடும்.

அழைப்பவர் கட்டட இலக்கத்துடன், அருகிலுள்ள சந்தி எது, வீடு மூடலுக்கு உள்ளேயா வெளியேயா, எந்த வாயிலால் நுழையலாம் என்பவற்றையும் கூற வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர் ‘ரமிள்’ என்று மொழியின் பெயரைச் சொன்னால் மொழிபெயர்ப்பு உதவி கிடைக்கும். அழைப்பைத் துண்டிக்காமல் காத்திருத்தல் வேண்டும்.

8. வாகனம் அகற்றப்பட்டால்

தடைசெய்யப்பட்ட நேரத்தில் நின்ற வாகனம் அருகிலுள்ள வேறு வீதிக்கு நகர்த்தப்படலாம், அல்லது காப்பிடத்துக்கு இழுத்துச் செல்லப்படலாம். திருட்டுப் போனதாக எண்ணிப் பதறுமுன், பொலிஸாரின் அவசரமற்ற அழைப்புக்குரிய இலக்கமான 416-808-2222 இல் வாகனத் தகட்டு இலக்கத்தைக் கூறி விசாரிக்க வேண்டும்.

தண்டச் சீட்டு நியாயமற்றது எனக் கருதுபவர், 15 நாள்களுக்குள் மீளாய்வு கோரலாம். அதனை முதலில் பரிசீலனை உத்தியோகத்தர் ஆராய்வார். அவரது முடிவை ஏற்காதவர் விசாரணை உத்தியோகத்தரிடம் செல்லலாம். தற்காலிகப் பலகை மரக்கிளையால் மறைந்திருந்தது, நாள் தவறாக இருந்தது போன்ற காரணங்களை நிரூபிக்க ஒளிப்படம் தேவை. பலகை மறுநாளே அகற்றப்பட்டுவிடும். ஆகவே அன்றே படமெடுத்தல் அவசியம்.

9. நகர் தழுவிய பெருநிகழ்வுகள்

நகரின் மறுமுனையில் நடைபெறும் நிகழ்வும் வெக்ஸ்போர்ட்டைப் பாதிக்கலாம். கோடையில் மிதிவண்டி ஓட்ட நிகழ்வுக்காக டொன் வலி பார்க்வே ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சில மணி நேரம் மூடப்படுவதுண்டு. அன்று லோரன்ஸ் வழியாக மேற்கே சென்று அதில் ஏறுவோர் வழியின்றி நிற்பர். 2019 ஜூன் 17 அன்று ராப்டர்ஸ் அணியின் வெற்றி ஊர்வலத்தைக் காணப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நகர மையத்தில் திரண்டனர் என மதிப்பிடப்பட்டது. ஊர்வலம் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தை மிகவும் பிந்தியே அடைந்தது. அறிவித்த நேரத்தை நம்பி, பிற்பகலுக்கு வேறு பணிகளை ஒதுக்கியவர்கள் இடர்ப்பட்டனர். 2026 ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் ஜூன் 12 முதல் ஜூலை 2 வரையான காலத்தில் 6 ஆட்டங்கள் ரொறன்ரோவுக்கு ஒதுக்கப்பட்டன. இத்தகைய நாள்களில் நகர மையத்திலுள்ள வைத்தியசாலைகளுக்கோ நீதிமன்றங்களுக்கோ செல்ல வேண்டியவர், நிகழ்வு நாட்காட்டியைப் பார்த்தே நேரம் கேட்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் பிந்திச் சென்றவர் “வீதி மூடப்பட்டிருந்தது” என்று கூறலாம். அது எப்போதும் ஏற்கப்படும் என்பதற்கு உறுதி இல்லை.

மீட்டல் வினாக்கள்

1. மூடல் “ஞாயிறு முற்பகல் 12:01” இல் தொடங்கினால், வாகனத்தை எந்த நாள் மாலையில் அகற்ற வேண்டும்? (விடை: சனிக்கிழமை மாலை.)

2. ‘லோக்கல் அக்செஸ் ஒன்லி’ என்ற பலகை உள்ள வீதியைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தலாமா? (விடை: இல்லை. அவ்வீதியில் வாழ்வோரும் அங்குள்ள இடங்களுக்குச் செல்வோரும் மட்டும் நுழையலாம்.)

3. வைத்தியரின் கடிதம் தடுப்பைக் கடக்கும் உரிமையைத் தருமா? (விடை: தராது. நிலைமையை விளக்க உதவும். உயிர் ஆபத்தெனில் 911 ஐ அழைக்க வேண்டும்.)

4. விழா நாளில் எந்தப் பயணத்தைக் கூடுதலாகத் திட்டமிட வேண்டும், போவதையா திரும்புவதையா? (விடை: திரும்புவதை.)

அறிவித்தல் விளங்காதவர் 311 ஐ அழைத்துத் தமிழில் உதவி கோரலாம்; 180 க்கும் மேற்பட்ட மொழிகளில் அச்சேவை கிடைக்கிறது. மாடிக்கட்டடங்களில் வாழ்வோர், தனித்து வாழும் முதியவர் எவரேனும் அடுத்த கதவில் இருப்பின், அவருக்கு அன்று வைத்தியசாலைப் பயணம் உண்டா என ஒரு வார்த்தை கேட்டறிதல் நன்று.